நியூ பெர்கனின் பல்லி

ஓர்வில் ஹெக்லண்ட் ஏழு முறை சொன்னார். ஏழு முறையும் பலித்தது. அதற்கப்புறம் அந்த மனிதரை யாரால் பிடித்து உட்காரவைக்க முடியும்?

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ல ஒரு பல்லி வேண்டும். நியூ பெர்கனில் ஜனவரி மாதம் அடிக்கிற குளிரில் பல்லி பிழைக்காது. ஆகவே அந்த வேலையை ஓர்வில் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாளெல்லாம் விதையும் பன்றித் தீவனமும் விற்பார். நாலு வருஷத்துக்கு ஒரு தரம், ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் பொறுக்கி எடுக்கும் பந்தயம் அயோவாவில் ஆரம்பிக்குமே, அப்போது மட்டும் விதைக்கடையை மறந்துவிட்டு விதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நாட்டையே ஆள ஆசைப்படுகிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அந்தச் சமயத்தில் மூக்கு ஒழுக எங்கள் பன்றிப் பண்ணைகளுக்கு வந்து நிற்பார்கள். சோளத்தின் மேல் தங்களுக்குப் பால்குடி வயதிலிருந்தே தீராத காதல் என்று சொல்லுவார்கள். நாங்களும் நம்பியதுபோல் தலையாட்டுவோம். பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூட ஜிம்மில் கூடுவோம். அதற்கு காகஸ் என்று பெயர். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, மறைப்பும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு மூலை. யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க, பாதிரியார் பார்க்க, வெட்கம் மானத்தை விட்டு நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்து, ஆட்கள் வேறு மூலைக்குப் போய்விட வேண்டும். நியூ பெர்கன் ஜிம்மில் ஜெயித்தவரே ஏழு முறையும் மாநிலத்திலும் ஜெயித்தார். அவர் யார் என்று ஏழு முறையும் முன்கூட்டியே சொன்னவர் ஓர்வில். "விதை, தீவனம், ஏழுக்கு ஏழு" என்று கடை வாசலில் பலகையே எழுதி மாட்டியிருந்தார். பெயிண்டுக்கு ஆன செலவில் பாதியை விதைக் கம்பெனியே கொடுத்ததென்று கேள்வி.

இந்தத் தடவை அவர் கை காட்டியது கவர்னர் ட்ரெவெட்டை. கவர்னரைக் கை காட்ட ஞானதிருஷ்டி எதுவும் தேவையில்லை. வந்த கணிப்பெல்லாம் அந்த ஆள்தான் முன்னால் என்றது. இருந்தாலும் ஓர்வில் கண்ணை மூடி, தாடையைத் தடவி, ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். தொழிலென்றால் ஒரு பாவனை வேண்டாமா? கவர்னரின் ஆட்களும் குளிர்ந்துபோய், நியூ பெர்கன் மூலைக்கு அவரையே தலைவராகப் போட்டு, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பெரிய வில்லையும் கொடுத்தார்கள். அதை அவர் குளிக்கும்போது மட்டும் கழற்றினார்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் போன் அடித்தது. ஏதோ ஒரு கணிப்புக் கம்பெனி. அயோவாவில் அந்த மாதத்தில் போன் அடித்தால் அது கணிப்புக் கம்பெனிதான். சொந்தக்காரன் செத்துப்போனால்கூட லைன் கிடைக்காது.

"சார், ஒரு கருத்துக்கணிப்பு. அஞ்சே நிமிஷம்தான்..." என்றது ஒரு களைத்த பெண்குரல்.

"அஞ்சு என்னம்மா, அரைமணி நேரம் எடுத்துக்கோ. நீ யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா? நியூ பெர்கன் ஓர்வில் ஹெக்லண்ட்!"

"சரிங்க சார். உங்க வயசு?"

அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஒன்றும் உறைக்கவில்லை. ஓர்வில் சற்று வாடித்தான் போனார். அறுபத்துமூன்று என்றார், ட்ரெவெட் என்றார், உறுதியாக என்றார், மிக மிக உறுதியாக என்றும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

"வீட்ல நாப்பத்தஞ்சுலேர்ந்து அறுபத்தஞ்சு வயசுக்குள்ள லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா சார்? எங்களுக்கு அந்த வயசுல ஆளே கிடைக்க மாட்டேங்குது."

"ஏன் இல்லாம? என் சம்சாரம் இருக்கா. கையெல்லாம் மாவா இருக்கா. அவளுக்கும் அதையே எழுதிக்கோ."

"அவங்களையே கேக்கணும் சார், ரூல்ஸ்..."

"அட, முப்பத்தெட்டு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். எனக்குத் தெரியாதா? எழுதும்மா, ட்ரெவெட்டுன்னு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. சாயங்காலத்துக்குள் இருபது பேர் கணக்கை முடித்தாக வேண்டும் அந்தப் பெண்ணுக்கு. எழுதிக்கொண்டாள். விஞ்ஞானம் என்று டிவியில் வண்ண வண்ணப் படமாகப் போட்டுக் காட்டுகிறார்களே, அது இப்படித்தான் பிறக்கிறது.

சமையலறையில் அவர் மனைவி ஆர்டித், கிறிஸ்துமஸுக்காக உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். குழவி ஒரு நிமிஷம் நின்றது. மறுபடியும் உருண்டது.

"யாரு போன்ல?"

"நம்ம கருத்தைக் கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கும்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ஆர்டித்.

ஒரு பெண்பிள்ளை ரொட்டியைப் பார்த்துக்கொண்டே "ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று, முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரிய வேண்டாமா? மாநிலத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது தெரியவில்லை. சூடாக ஒரு ரொட்டியை எடுத்து, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஜனவரி பாதிக்குள் அதேபோல் இன்னும் மூன்று போன் வந்தது. மூன்றுக்கும் அவரே இரண்டு பேருக்கும் பதில் சொன்னார்.

தினமும் காலையில் ஏழு மணிக்கு ஊர் ஆண்பிள்ளைகள் மொத்தமும் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக்கடையில் கூடுவார்கள். அங்கே ஓர்விலின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். காகஸுக்கு முந்தின வாரம் ஒருநாள் பேப்பரில் புதுக் கணிப்பு வந்திருந்தது. ட்ரெவெட்டுக்கு முப்பத்தெட்டு சதவீதம். செனட்டர் பாம்ஃப்ரெட்டுக்குப் பதினேழு. கடைசி வரியில், எழுத்தே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், டாக்டர் ஹால்வருக்கு மூன்று. இந்த ஹால்வர் மேற்கே எங்கோ ஒரு சின்ன மாநிலத்தில் மாட்டு வைத்தியராக இருந்து, எப்படியோ அங்கே கவர்னராகவும் இருந்து முடித்தவர். கதவு ஒன்று கயிற்றில் கட்டியிருக்கும் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார்.

ஓர்வில் பேப்பரை எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"மூணு சதவீதம்! கீழ பாருங்கப்பா, கூடக் குறைய நாலு பாயிண்ட் தப்பு இருக்கலாமாம். அப்படின்னா அந்த மாட்டு டாக்டருக்கு மைனஸ் ஒண்ணுகூட இருக்கலாம். இன்னும் பொறக்காதவனும் அந்த ஆளுக்கு எதிரா நிக்கறான்!"

கடையே சிரித்தது. ஆர்டித்தின் தம்பி டுவேன் மட்டும் காபியை ஊதிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், இந்தக் கணக்கெல்லாம் யாரைக் கேட்டுப் போடறாங்க?"

"உன்னையும் என்னையும் கேட்டுத்தான். உனக்கு போன் வரலையா?"

"வந்துச்சே. என்னைக் கேட்டாங்க, ட்ரெவெட்டுன்னேன். உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்கன்னாங்க. அவ கோழிக்கொட்டாயில இருந்தா. இந்தப் பனியில யாரு போய்க் கூப்பிடறது? அதையே எழுதிக்கச் சொல்லிட்டேன்."

"நானும் அப்படித்தான்," என்றார் பக்கத்து மேஜையில் இருந்த தபால்காரர். "நானும்தான்," என்றார்கள் இன்னும் இரண்டு பேர். யாருக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. கடைக்காரர் மறுபடி காபி ஊற்றிக்கொண்டு போனார்.

அந்த வாரமே நியூயார்க்கிலிருந்து ஒரு டிவிக்காரர் வந்து இறங்கினார். பெயர் ஸ்டெர்லிங். பனியில் வழுக்கும் மெல்லிய தோல் ஷூ போட்டுக்கொண்டு, விழுந்து எழுந்து விழுந்து எழுந்து கடைக்குள் வந்து சேர்ந்தார். "ஏழுக்கு ஏழு" பலகைக்குக் கீழே ஓர்விலை நிறுத்தி மைக்கை நீட்டினார்.

"உங்க ரகசியம் என்ன, மிஸ்டர் ஹெக்லண்ட்?"

"ரகசியம் என்ன ரகசியம்! ஜனங்க மனசுல என்ன இருக்குன்னு கேக்கத் தெரியணும், அவ்வளவுதான். நான் பேசறதைவிடக் கேக்கறதுதான் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பேசினார்.

"அப்ப திங்கக்கிழமை?"

"இந்த ஊர்ல ட்ரெவெட்டுக்கு அம்பது பேர் நிப்பாங்க. அம்பதுக்கு ஒரு ஆள் குறைஞ்சாலும், இந்த போர்டை நானே ஏணி போட்டு ஏறிக் கழட்டிடறேன். அதுக்கப்புறம் இந்த வாய் தேர்தல் பத்தித் திறக்காது."

"உங்க மனைவியும் ட்ரெவெட்தானா?"

ஓர்வில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு பலமுறை போட்டுக் காட்டினார்கள்.

"எங்க வீட்ல ரெண்டு ஓட்டு, ஆனா ஒரே வாய்."

அதை மாநிலமே பார்த்தது. ஆர்டித்தும் பார்த்தார். ரிமோட் கையில் இருந்தது, ஆனாலும் சேனலை மாற்றாமல், பொறுமையாக முழுவதையும் பார்த்தார். அப்புறம் எழுந்து பாத்திரம் கழுவப் போனார். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தம் போட்டன. ஓர்வில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அக்டோபரிலேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. வியாழக்கிழமை தோறும் சர்ச்சின் அடித்தளத்தில் பெண்கள் கூடிப் போர்வை தைப்பார்கள். ஒரு வியாழக்கிழமை அந்த மாட்டு டாக்டர் அங்கே வந்திருந்தார். ஆர்டித் அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"இன்னிக்கு அந்த ஹால்வர் வந்திருந்தார். ரெண்டு மணி நேரம் உக்காந்தார். நான் கேரின் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா..."

"யாரு, அந்த மூணு சதவீதமா?" என்றார் ஓர்வில். "இரு இரு, புதுக் கணிப்பு போடறான்." டிவி பக்கம் திரும்பிவிட்டார். ஆர்டித் கோட்டைக் கழற்றி மாட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேரின் விஷயம் அவருக்குத் தெரியாததா? அவர் பெண்தானே கேரின். வட்டார ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை லாபமில்லை என்று மூடிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு மைல். போன பிப்ரவரியில் கேரினுக்கு வலி எடுத்தபோது பனிப்புயலில் கார் ஓட்டியவரே ஓர்வில்தான். நாற்பதாவது மைலில் வண்டி வழுக்கி ஓரமாய் நின்றுவிட்டது. பின்சீட்டில் ஆர்டித், போர்த்தியிருந்த கோட்டால் பேத்தியை வாங்கினார். ஓர்வில் நெடுஞ்சாலை நடுவில் நின்று, டார்ச் லைட்டை ஆட்டி ஆட்டி லாரிகளை நிறுத்தப் பார்த்து, நிற்காத லாரிகளைப் பார்த்து அழுதார். குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். அந்த ராத்திரியை அவர் மறக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தக் கணிப்பிலும் ஒரு கேள்வி வரவில்லை. கேள்வி வராததால் அவரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. ஓர்வில் ஐந்தரைக்கே ஜிம்முக்குப் போய், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நல்ல மூலையாகப் பிடித்து, ட்ரெவெட் கொடியைக் கட்டினார். ஐம்பது பேருக்குக் காபி டம்ளர் அடுக்கினார். ஸ்டெர்லிங்கின் கேமரா அந்த டம்ளர்களையே அழகாகப் படம் பிடித்தது. ஆர்டித் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஒரே வண்டியில் வருகிறார்களாம்.

ஏழு மணிக்கு நூலகத்து வெர்னா கதவைச் சாத்தினார். கூட்டத்துக்கு அன்று அவர்தான் தலைவர். வந்தவர்களை எண்ணினார்கள். எண்பத்துநாலு பேர்.

ஓர்வில் சுற்றிலும் பார்த்தார். என்னவோ குறைந்தது. சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஆண்பிள்ளைகளைக் காணவில்லை. தபால்காரர் எங்கே? பால் பண்ணைக்காரர்கள் எங்கே? டுவேனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எங்கடா நம்ம ஆளுங்க?"

"வீட்ல இருக்காங்க மச்சான். டிவில ஃபுட்பால் மேட்ச். நீங்கதானே சொன்னீங்க, ட்ரெவெட் இருபத்தோரு பாயிண்ட் முன்னாடின்னு? ஜெயிச்சு முடிஞ்ச பந்தயத்துக்கு இந்தக் குளிர்ல எதுக்குக் கார் ஸ்டார்ட் பண்ணணும்கறாங்க. நானே என் பொண்டாட்டி வரேன்னு நின்னதாலதான் வந்தேன்."

கணிப்பு பலிக்கிற அழகைப் பாருங்கள்! ஜெயிப்பார் என்று சொன்னார்கள், அதனால் ஜெயிக்கவைக்க ஆள் வரவில்லை.

"சரி, அவங்கவங்க மூலைக்குப் போங்க," என்றார் வெர்னா.

ஓர்வில் தன் மூலையில் நின்று, மனைவியைப் பார்த்துக் கையசைத்தார். இடம் கூடப் பிடித்து வைத்திருந்தார், சுவரோரமாய், ஹீட்டருக்குப் பக்கத்தில். ஆர்டித் கையில் ஒரு தட்டு நிறைய இனிப்புக் கட்டிகளோடு மைதானத்தின் நடுக்கோட்டுக்கு வந்தார். அங்கே ஒரு கணம் நின்றார். பிறகு வலது பக்கம் திரும்பி, ஸ்கோர் போர்டுக்குக் கீழே, கொடியே இல்லாமல் ஒரு அட்டையில் "ஹால்வர்" என்று கையால் எழுதி ஒட்டியிருந்த மூலைக்கு நடந்தார். அவர் பின்னால் தபால்காரரின் மனைவி. அவர் பின்னால் பால் பண்ணை வீட்டுப் பெண்கள் நாலு பேர். பாதிரியாரின் மனைவி. ஓய்வுபெற்ற நர்ஸுகள் இரண்டு பேர். டுவேனின் மனைவி போகிற போக்கில் புருஷனுக்கு ஒரு கையசைப்பும் கொடுத்துவிட்டுப் போனாள். போர்வை தைக்கிற கூட்டம் முழுவதும், கூடவே அவர்கள் வீட்டுப் பெண்கள், மருமகள்கள், கையில் குழந்தைகளோடு போய்க்கொண்டே இருந்தது.

"ஆர்டி! ஆர்டி, இந்தப் பக்கம்!" என்று கத்தினார் ஓர்வில், வழி தெரியாமல் போகிறாளோ என்று. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார், பாவம்.

ஒவ்வொரு மூலையிலும் ஆட்கள் ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லி எண்ணினார்கள். ஹால்வர் மூலையில் எண்ணிக்கை முடிகிற வழியாக இல்லை. நாற்பத்தேழில் நின்றது. பாம்ஃப்ரெட் பத்தொன்பது. இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஆறு. ட்ரெவெட் மூலையில் ஓர்வில் "ஒண்ணு" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "பன்னெண்டு," என்று டுவேன் முடித்துவைத்தான்.

வெர்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார்.

"எம்பத்திநாலுக்குப் பதினஞ்சு சதவீதம்னா பதிமூணு பேர். கவர்னர் ட்ரெவெட்டுக்குப் பன்னெண்டு. ஒரு ஆள் குறையுது. அரைமணி நேரம் தரேன். யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, இல்லேன்னா கலைஞ்சு போங்க."

ஐம்பது டம்ளர் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஐம்பது வராது என்பது போகட்டும், பலகை போகிறது என்பதும் போகட்டும். மூலையே இல்லாமல் போவதா? மாநிலத்தில் முப்பத்தெட்டு சதவீதம் வாங்கிய மனிதருக்கு, ஓர்வில் ஹெக்லண்டின் சொந்த ஊரில், ஓர்வில் ஹெக்லண்ட் தலைமையில் நிற்க இடமில்லை என்று நாடு முழுக்கக் காட்டுவார்கள். அவருக்கு வியர்த்தது. முதலில் முடிவு செய்யாத ஆறு பேரிடம் ஓடினார். அவர்கள் ஆர்டித்தின் தட்டிலிருந்து இனிப்பைக் கடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பாம்ஃப்ரெட் மூலையில் இருந்தவர்களோ, ஏழு தரமும் அவரிடம் பந்தயத்தில் தோற்றவர்கள். அவரைப் பார்த்ததும் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது மனைவியிடம் வந்தார். பின்னாலேயே கேமராவும் வந்தது.

"ஆர்டி, ஒரே ஒரு ஆள். பதிமூணாவது ஆள். நீ இந்தப் பக்கம் நாலு அடி எடுத்து வெச்சாப் போதும். ஊரே பாக்குது."

"நான்தான் ஏற்கெனவே ட்ரெவெட்டுக்குச் சொல்லியாச்சே, ஓர்வில். போன்ல நாலு தடவை. அந்த நாலையும் சேர்த்து எண்ணிக்கோயேன். பதினாறு வருது."

ஹால்வர் மூலை கொல்லென்று சிரித்தது. டுவேனின் மனைவி, "என்னுதையும் சேர்த்துக்கோங்க அண்ணா, நான் கோழிக்கொட்டாயிலேர்ந்து ரெண்டு தடவை போட்டிருக்கேன்!" என்று குரல் கொடுத்தாள்.

"வெளையாடாத, ஆர்டி."

"யாரு வெளையாடறது? பிப்ரவரியில ரோட்டுல டார்ச்ச வெச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"நான்தான்."

"வீட்டுக்கு வந்து என்ன சொன்ன?"

ஓர்வில் கேமராவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியை மூடினவன் உருப்படமாட்டான்னேன்."

"அதை நான் அந்த மனுஷன்கிட்டச் சொன்னேன். மேல மேல கேட்டார். கடைசியில என்ன சொன்னார் தெரியுமா? 'எங்க ஊர்ல பசு கன்னு போடறதுன்னா இருபது நிமிஷத்துல நான் போய் நிப்பேன், உங்க ஊர்ல பொண்ணுக்கு அறுபத்திரண்டு மைலா'ன்னார். அதைத்தான் அன்னிக்கு உன்கிட்டச் சொல்ல வந்தேன். நீ கணிப்பு பாத்துக்கிட்டிருந்த." ஆர்டித் இனிப்புத் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "உன் கவர்னர் உன் கடைக்கு வந்தாரே, உன்கிட்ட என்ன கேட்டார்?"

ஓர்வில் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

"எத்தனை சதவீதம் வரும்னு கேட்டார்."

"எல்லாரையும் கேட்ட," என்றார் ஆர்டித். "காபிக்கடையில கேட்ட, பெட்ரோல் பங்க்ல கேட்ட, போன் பண்ண பொண்ணுகிட்டகூட மத்த ஊர்ல எப்படின்னு கேட்ட. முப்பத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு தடவை கேட்டிருக்கியா?"

எட்டு நிமிஷம் பாக்கி என்று வெர்னா அறிவித்தார். ஓர்வில் தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க நாக்கு எழவில்லை. கடைசியில் ஒருவழியாகக் கேட்டார்.

"உனக்கு யாரு, ஆர்டி?"

"நிக்கற எடம் தெரியலையா?" என்றார் ஆர்டித். ஆனால் கொஞ்சம் நகர்ந்து, சுவரோரமாய் ஒரு ஆள் நிற்க இடம் விட்டார்.

நேரம் முடிந்தது. ட்ரெவெட் மூலை கலைந்தது. நாலு பேர் பாம்ஃப்ரெட்டிடம் போனார்கள். டுவேன், "இனிமே இங்க நின்னு என்ன பண்றது, இனிப்பு இருக்கற பக்கம் போவோம்," என்று முன்னால் நடந்தான். ஓர்வில் கொடியை அவிழ்த்து, மடித்து, நாற்காலி மேல் வைத்தார். நெஞ்சில் இருந்த வில்லையைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை, ஊசி சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிறகு நடுக்கோட்டைத் தாண்டி நடந்தார். வெட்கத்தினாலா, பேத்தியை நினைத்தா, அல்லது தோற்கிற பக்கம் நின்று பழக்கமில்லாததினாலா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றும் இருக்கும். இறுதி எண்ணிக்கையில் ஹால்வர் மூலையின் கடைசி ஆளாய், யாருக்கும் கேட்காத குரலில், "அறுபத்தொண்ணு" என்றார்.

"சத்தமா!" என்றார் வெர்னா.

"அறுபத்தொண்ணு!"

அன்று மாநிலம் முழுவதும், ஊருக்கு ஊர், சர்ச் அடித்தளத்திலிருந்து பெண்கள் நேராக ஜிம்முக்கு நடந்திருக்கிறார்கள். மூன்று சதவீதத்து மாட்டு டாக்டர் அயோவாவை ஜெயித்தார். டிவியில் மேதைகள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து காரணம் சொன்னார்கள். பனி என்றார் ஒருவர். கடைசி நேர மனமாற்றம் என்றார் இன்னொருவர். கிராமப்புறத்துத் தரவுகளைச் சற்று வேறுவிதமாக எடைபோட்டிருக்கலாம் என்றார் மூன்றாமவர். கோழிக்கொட்டாய் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆனால் பாருங்கள், ஸ்டெர்லிங் மட்டும் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓர்விலிடம் ஓடிவந்தார். நியூ பெர்கன் ஹால்வர் என்றது, மாநிலமும் ஹால்வர் என்றது. எட்டுக்கு எட்டு! டிவிக்காரனுக்கு இது போதாதா?

"கடைசி நிமிஷத்துல சரியான மூலைக்கு மாறினீங்களே, எப்படிக் கணிச்சீங்க மிஸ்டர் ஹெக்லண்ட்?"

ஓர்வில் வாய் திறந்தார். அந்த வாயில் என்ன வரப்போகிறதென்று ஆர்டித் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"என் சம்சாரத்தைக் கேட்டேன்," என்றார் ஓர்வில்.

"எப்பக் கேட்டேன்னும் சொல்லு," என்றார் ஆர்டித்.

மறுநாள் காலையில் ஏணி போட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். அந்த ஒரு விஷயத்தில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. டுவேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, காபிக்கடைக் கூட்டத்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, உறைந்துபோன திருகாணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார். விரல் மரத்துப்போனது. எட்டுக்கு எட்டு என்று மாற்றி எழுதிவிடலாமே என்று தபால்காரர் யோசனை சொன்னார். ஓர்வில் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

உள்ளே போன் பேச்சு கேட்டது. பந்தயம் அடுத்த மாநிலத்துக்குப் போவதற்குள், நாடு முழுக்கப் புதுக் கணிப்பு தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

"...என் வீட்டுக்காரரா? இருக்கார். ஏணி மேல இருக்கார், போர்டு கழட்டறார். அவருக்கும் அதையே எழுதிக்கோம்மா. என்னது, அவரையே கேக்கணுமா? அட, முப்பத்தெட்டு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். எனக்குத் தெரியாதா?"

ஓர்வில் வாசற்படியில், பூட்ஸில் பனியோடு நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஆர்டித் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு போன்ல?" என்றார் ஓர்வில்.

"நம்ம கருத்தைக் கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கும்."

ஓர்வில் பலகையைச் சுவரோரம், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சாய்த்துவைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார்.